தாதியின் கணக்கேடு

மன்னார்த் தீவிலே, தலைமன்னார் செல்லும் பெருவீதிக்கு வடபுறமாகக் கடலை ஒட்டி அமைந்துள்ள ஊர் எருக்கலம்பிட்டி. எருக்கலை மண்டிய மேட்டுநிலம் என்பதே அப்பெயரின் பொருள். மணலும் பனையும் உவர்நிலமும் சூழ்ந்த இவ்வூரில் இஸ்லாமியப் பெருமக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்துள்ளனர். மன்னார்க் கரையின் வரலாற்றைக் கூற வருவோர் முத்துக்குளிப்பையும், திருக்கேதீச்சரத்தையும், மடு மாதாவின் திருத்தலத்தையும், போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையையும் விரித்துரைப்பர். இக்கரைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது நோயுற்றோரின் வரலாறு. பாயிலே கிடந்தவரின் அருகில் இருந்தவர் யார், அவர் பிழைத்தாரா இறந்தாரா என்பதை எழுதி வைத்தவர் யார், எழுதியதைக் கொண்டு மறுமுறை நேராது தடுத்தவர் யார் என்ற வினாக்களுக்கு விடை தேடும் வரலாறு அது.

நோயாளியைப் பேணுதல் பெண்ணுக்கு உரிய ஒரு பொதுப்பணி என்னும் கருத்து இவ்வூர் மக்களுக்குப் புதிதன்று. நபிகள் நாயகம் அவர்களின் காலத்தில் மதீனாவிலே ருஃபைதா என்னும் அம்மையார் பள்ளிவாசலருகில் கூடாரம் அமைத்துக் காயமுற்றோரைப் பராமரித்தார். கி.பி. 627இல் நடைபெற்ற அகழ்ப்போரிலே புண்பட்ட சஅத் இப்னு முஆத் என்னும் தோழர் அக்கூடாரத்திற்கே கொண்டு செல்லப்பட்டார். ஐரோப்பாவிலே தாதிமைப் பணி ஒரு கல்வியாக மலர்வதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முந்திய செய்தி இது. எனினும் பரிவு வேறு, பாதுகாப்பு வேறு. அன்பு மிக்க கைகளே நோயைக் கொண்டு சென்று சேர்த்த காலங்களும் உண்டு. அந்த உண்மையை உலகம் உணர்வதற்கு நெடுங்காலம் சென்றது.

மன்னார்க் கரையிலே கூட்டங்கூட்டமாக மக்கள் மாண்ட கதை கோப்பிப் பயிர்ச் செய்கையோடு தொடங்குகின்றது. 1830களின் பிற்பகுதி தொட்டு மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வேலை தேடி வந்த தமிழ்நாட்டு உழைப்பாளிகள் இராமேசுவரக் கரையிலிருந்து தோணியேறித் தலைமன்னாரில் இறங்கினர். அங்கிருந்து தீவைக் கடந்து, பெருநிலத்தை அடைந்து, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். இது வடபாதை எனப்பட்டது. நீரற்ற காடு; நிழலற்ற மணல்; கிணறு கிடைத்த இடத்திலே வாந்திபேதி. நடக்க இயலாதவனைக் கூட்டம் விட்டுச் சென்றது. 1840களிலே இவ்வாறு எழுபதினாயிரம் பேர் மடிந்தனர் என்று அக்காலத்துக் கொழும்புப் பத்திரிகை ஒன்று கூறிற்று. பிற்கால வரலாற்றாசிரியர் சிலர் அத்தொகையை ஏற்க மறுப்பர். தோட்டத் துரைமாருக்கும் அரசாங்கத்துக்கும் இடையே எழுந்த வழக்கில் அத்தொகை ஒரு கருவியாயிற்று என்பது அவர் கூற்று. வழக்கு எத்தகையதாயினும் ஒன்று தெளிவு. இறந்தோரை எவரும் எண்ணவில்லை. எண்ணாத மரணத்துக்கு எவரும் விடை கூற வேண்டியதில்லை அன்றோ?

1858இலே இலங்கையில் குடியியல் வைத்தியத் திணைக்களம் நிறுவப்பட்டது. டாக்டர் கிறிஸ்தோபர் எலியட் அதன் முதற் பெருந்தலைவரானார். அதன் பின்னர் வழியோரங்களிலே கிணறுகளும் தங்குமடங்களும் சிறு வைத்தியசாலைகளும் எழுந்தன. மரணம் குறைந்தது. ஆயினும் நோய்த்தடுப்பு என்பது அந்நாளில் பெரும்பாலும் வழியை மறிப்பதையே குறித்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொள்ளைநோய் அச்சத்தினால் வடபாதை அடைக்கப்பட்டது. தொழிலாளர் பின்னர் மண்டபம் முகாமிலே தடுத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியபோது பயணம் எளிதாயிற்று. நோயாளி என்ற மனிதனோ இன்னும் தடுக்கப்பட வேண்டிய ஓர் ஆபத்தாகவே கருதப்பட்டான்.

முத்துக்குளிப்பு முகாம்களின் நிலையும் இதனோடு ஒத்ததே. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய இடங்களிலே சிப்பி விளைந்த ஆண்டுகளில் சில கிழமைகளுக்குள் ஒரு பட்டினமே முளைத்தெழும். கீழக்கரை, காயற்பட்டினம் முதலிய ஊர்களின் குளியாளரும், அரபு நாட்டவரும், வணிகரும், நகை வேலைக்காரரும், பிச்சைக்காரருமாகப் பல்லாயிரவர் திரள்வர். 1905ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டியிலே எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. எடுத்த சிப்பியைக் கொட்டு எனப்பட்ட வேலியடைப்புகளிலே குவித்து அழுக விடுவர். ஈக்கள் மொய்க்கும், நாற்றம் காத தூரம் வீசும். பின்னாளிலே பெரும் எழுத்தாளராக விளங்கிய லெனாட் வுல்ஃப் 1906இல் இம்முகாமிலே இளம் அதிகாரியாகப் பணியாற்றியவர். அவரது தன்வரலாற்றிலே இம்முகாமின் காட்சி இடம்பெற்றிருக்கின்றது.

சுறாமீன் குளியாளரைத் தீண்டாதிருக்க மந்திரங் கட்டும் கடற்கட்டி என்பவனுக்கு 19ஆம் நூற்றாண்டிலே அரசாங்கமே ஊதியம் வழங்கி வந்தது. நகைப்பதற்குரிய செய்தியாகத் தோன்றினும் அதிலே ஓர் அறிவு உண்டு. மந்திரம் இல்லையேல் குளியாளன் கடலில் இறங்கான் என்பதை அதிகாரிகள் உணர்ந்திருந்தனர். ஆனால் சுறாவினால் மாண்டோர் மிகச் சிலர். முகாமை அஞ்சிக் கலையச் செய்தது வாந்திபேதியே. முகாம்களிலே வைத்தியரும், புண்கட்டுவோரும், தனித்தொதுக்கிய கொட்டில்களும் காலப்போக்கில் ஏற்பட்டன. பயிற்சி பெற்ற தாதியரோ கொழும்பு போன்ற பெருநகரங்களுக்கு அப்பால் அரிதாகவே காணப்பட்ட காலம் அது. கொட்டிலிலே கிடந்தவனுக்கு இரவிலே நீர் ஊட்டியவர் அவனோடு வந்த உறவினரே. உறவினர் இல்லாதவனுக்கு அதுவும் இல்லை. இலங்கைக் கரையின் கடைசிப் பெருங்குளிப்பு 1925இல் நடைபெற்றது. அதன் பின் சிப்பிப் படுகைகள் ஓய்ந்தன.

இனி, தூர தேசத்திலே நிகழ்ந்த மூன்று செய்திகளைக் கூற வேண்டும். அவற்றை விடுத்து எருக்கலம்பிட்டியின் பிற்காலக் கதையை விளக்குதல் இயலாது.

முதலாவது, வியன்னா நகரத்துப் பொது வைத்தியசாலை. அங்கே மகப்பேற்று விடுதிகள் இரண்டு இருந்தன. ஒன்றிலே வைத்திய மாணவர் பயின்றனர். மற்றொன்றிலே மருத்துவிச்சியர் பயின்றனர். 1846ஆம் ஆண்டிலே மாணவர் விடுதியில் நூற்றுக்குப் பதினொரு தாய்மார் மடிந்தனர். மருத்துவிச்சியர் விடுதியில் மடிந்தோர் நூற்றுக்கு மூவரிலும் குறைவு. தாய்மார் மாணவர் விடுதிக்குச் செல்ல மாட்டோம் என்று மன்றாடினர் என்பர். கற்றவர்களின் கையிலே சாவும், கல்வி குறைந்தோர் என்று கருதப்பட்டவர்களின் கையிலே வாழ்வும் இருந்த விந்தையை ஆராய்ந்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ். பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு மாணவர் பிரசவம் பார்க்க வந்தமையே காரணம் என்று கண்டார். 1847இல் குளோரின் கலந்த நீரிலே கைகழுவும் விதியைக் கொண்டுவந்தார். மறு ஆண்டிலே இரு விடுதிகளிலும் மரணம் நூற்றுக்கு ஒன்றரைக்கும் கீழாக இறங்கியது. கை கழுவச் சொன்னதற்காக அவரை மூத்த வைத்தியர் பலர் வெறுத்தனர் என்பதும் இக்கதையின் பகுதியே.

இரண்டாவது, ஸ்கூட்டாரி. கிறைமியப் போரிலே புண்பட்ட பிரித்தானியப் படைவீரரைப் பேண 1854 நவம்பரில் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் அங்கே சென்றடைந்தார். விளக்கேந்திய சீமாட்டி என்று பாடசாலைச் சிறுவரும் அறிவர். அவர் சென்ற முதற் குளிர்காலத்தில் மரணம் குறையவில்லை, கூடிற்று. 1855 பெப்ரவரியிலே அனுமதிக்கப்பட்டோரில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மார்ச்சு மாதம் சுகாதாரக் குழுவொன்று வந்து, கட்டடத்தின் கீழே தேங்கிய கழிவைத் துப்புரவு செய்து, காற்றோட்டம் அமைத்த பின்னரே மரணம் சரிந்தது; ஜூன் மாதத்தில் நூற்றுக்கு இரண்டளவாயிற்று. நாடு திரும்பிய அம்மையார் புள்ளிவிவர அறிஞர் வில்லியம் ஃபாரோடு அமர்ந்து கணக்குகளை ஆராய்ந்தபோதுதான் இந்த உண்மையின் முழு உருவத்தைக் கண்டார். தாம் இராப்பகலாகப் பாடுபட்ட இடத்திலே தம் கண்முன்னே தடுக்கத்தக்க மரணங்கள் நேர்ந்தன என்பதைக் கணக்கு அவருக்குக் காட்டிற்று. வைத்தியசாலை செய்ய வேண்டிய முதற்பணி நோயாளிக்குத் தீங்கு செய்யாதிருத்தலே என்னும் கருத்தை அவர் எழுதியது இந்த அறிவிலிருந்தே.

மூன்றாவது செய்தி அவ்வளவாக அறியப்படாதது; ஆயினும் விளக்கின் கதையிலும் உயர்ந்தது எனலாம். 1860களின் தொடக்கத்திலே இலண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் மருத்துவிச்சியரைப் பயிற்றுவதற்கென நைற்றிங்கேல் அம்மையாரின் நிதியைக் கொண்டு ஒரு மகப்பேற்று விடுதி திறக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அங்கே பிரசவக் காய்ச்சல் தோன்றித் தாய்மார் சிலர் இறந்தனர். அம்மையார் காரணம் கேட்டார், தொகை கேட்டார், 1867இல் விடுதி மூடப்பட்டது. தமது பெயரால் விளங்கிய பள்ளி ஒன்றைத் தாமே நிறுத்துதல் எளிதன்று. பின்னர் பல நாடுகளின் மகப்பேற்று இல்லங்களிலிருந்து மரணக் கணக்குகளைத் திரட்டி 1871இல் ஒரு நூல் வெளியிட்டார். பெரும் மகப்பேற்றில்லத்திலும் வீட்டிலே பிள்ளை பெறுவது அந்நாளிலே தாய்க்குப் பாதுகாப்பானது என்பது அந்நூல் கண்ட முடிபு.

தமிழுலகம் இவ்வறிவை எவ்வாறு பெற்றது? யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே பணிபுரிந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். பிரசவ வைத்திய நூலொன்று 1850களிலேயே அவரது முயற்சியால் தமிழில் வெளிவந்தது. ஆனால் அவரிடம் பயின்றவர் ஆடவர். ஆடவர் நுழையத் தயங்கிய அறைகளிலேதான் பெரும்பாலான தாய்மார் மாண்டனர். 1890களிலே தமிழ்நாட்டுத் திண்டிவனத்தில் ஓர் இரவு மூன்று குடும்பத்தினர் அமெரிக்க மிசன் வைத்தியர் ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டினர் என்றும், அவர்களுள் ஒருவர் இஸ்லாமியர் என்றும், பிரசவ வேதனையுற்ற தம் மனைவியரை ஆடவரான வைத்தியர் பார்க்க அவர்கள் உடன்படவில்லை என்றும், அம்மூன்று பெண்களும் விடியுமுன் இறந்தனர் என்றும் அவ்வைத்தியரின் மகள் ஐடா ஸ்கடர் கூறியுள்ளார். அவரே பின்னர் வேலூரிலே வைத்தியசாலை கண்டவர். அவர் 1909இல் அங்கே தொடங்கிய தாதியர் பள்ளி 1946இல் பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரியாக உயர்ந்தது. யாழ்ப்பாணத்து இணுவிலிலே 1898இல் திறக்கப்பட்ட மக்லியொட் வைத்தியசாலை பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்றே அமைந்தது. கொழும்பிலே டி சொய்சா மகப்பேற்றில்லம் 1879இல் எழுந்தது. 1939இல் கொழும்பிலே தாதியர் பள்ளி முறையாக நிறுவப்பட்டது. இவையெல்லாம் நகரத்துக் கதைகள். மன்னார்த் தீவின் மணற்பாதையிலே இவற்றின் ஒளி விழுவதற்கு வேறொரு வழி திறக்க வேண்டியிருந்தது.

அந்த வழி 1926இல் களுத்துறையிலே திறந்தது. றொக்ஃபெல்லர் நிறுவனத்தின் துணையோடு அங்கே முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்டது. நோயாளி வைத்தியசாலையைத் தேடி வரும் வரை காத்திராது, சுகாதாரப் பணியாளர் வீட்டைத் தேடிச் செல்லும் முறை அது. ஒரு குறித்த எல்லை. அவ்வெல்லைக்குள் வாழும் ஒவ்வொரு கர்ப்பவதியையும் பெயர் சொல்லி அறிந்த ஒரு மருத்துவமாது. அவளை மேற்பார்வை செய்யும் சுகாதாரத் தாதி. அவர் அனைவர்க்கும் பொறுப்பான சுகாதார வைத்திய அதிகாரி. 1931இல் ஆண் பெண் அனைவரும் வாக்குரிமை பெற்றனர். கிராமத்துக்கு ஆஸ்பத்திரி வேண்டும், மருத்துவிச்சி வேண்டும் என்று கேட்கும் குரலுக்கு அதன் பின் வலிமை வந்தது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைக் கொண்டு சென்றமை அரசாங்கத்தை உலுக்கிற்று. சுகாதாரப் பகுதிகள் நாடெங்கும் பரவின.

பயன் என்ன? 1930களிலே இலங்கையில் ஒரு இலட்சம் பிள்ளைப்பேறுகளுக்கு இரண்டாயிரம் அளவிலே தாய்மார் இறந்தனர். 1950 அளவிலே அத்தொகை ஐந்நூறுக்கும் அறுநூறுக்கும் இடைப்பட்டதாயிற்று. அதன் பின்னரும் சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, இந்நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டிலே முப்பதுகளுக்கு வந்தது. செல்வம் மிகுந்த நாடுகள் இதனைச் சாதித்ததில் வியப்பில்லை. இலங்கை சாதித்தது எவ்வாறு என்று உலக வங்கியின் ஆய்வாளர்கள் 2003இல் ஒரு நூலே எழுதினர். மலேரியாவை அடக்கிய டீ.டீ.ரி. மருந்தும், பெனிசிலினும், இலவச வைத்தியமும், பெண் கல்வியும் காரணங்களே. அவற்றோடு எண்ணத்தக்கது பதிவேடு.

மருத்துவமாதுவின் கைப்பையிலே இருந்த பதிவேட்டைச் சற்று விரித்துப் பார்த்தல் தகும். கர்ப்பவதியின் பெயர், வயது, முன்னைய பேறுகள், இரத்த அழுத்தம், இரத்தச் சோகை, முன்பு இரத்தப்பெருக்கு நேர்ந்ததா, முன்பு பிள்ளை இறந்து பிறந்ததா என்பன அதில் இடம்பெறும். தாயின் கையிலே ஒரு அட்டை. மருத்துவமாதுவிடம் அதன் இணை. ஆபத்துக் குறி கண்டால் வீட்டிலே பேறு பார்க்காது வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். இவ்வாறு ஒவ்வொரு பெயரும் ஒருவரின் பொறுப்பாயிற்று. ஒரு தாய் இறந்தால் மருத்துவமாதுவே தெரிவிப்பாள். சுகாதார அதிகாரி அவ்வீட்டுக்கே சென்று காரணம் விசாரிப்பார். தாய் மரணங்களை அறிவித்தல் 1985இல் கட்டாயமாக்கப்பட்டது. அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு மரணமும் வைத்தியசாலையிலும் மாவட்டத்திலும் தேசிய நிலையிலும் ஆராயப்பட்டது. குடும்பத்தார் வைத்தியசாலைக்குச் செல்லத் தாமதித்தனரா, வண்டி கிடைக்கவில்லையா, வைத்தியசாலையை அடைந்த பின்னர் கவனிப்புத் தாமதமாயிற்றா என்று பிரித்துக் கேட்டனர். குற்றவாளியைத் தேடுவதிலும் குறையைத் தேடுவதே இம்முறையின் நோக்கம். தண்டனைக்கு அஞ்சும் தாதி உண்மையை எழுத மாட்டாள். எழுதப்படாத பிழை அடுத்த கட்டிலுக்குச் செல்லும். அமெரிக்க வைத்தியசாலைகளிலே தவறுகளினால் ஆண்டுதோறும் நாற்பத்து நாலாயிரம் முதல் தொண்ணூற்றெட்டாயிரம் பேர் வரை இறக்கக் கூடும் என்று 1999இல் வெளிவந்த ஓர் அறிக்கை உலகைத் திடுக்கிடச் செய்தது. அவ்வறிக்கை வற்புறுத்தியதும் இக்கருத்தையே. அதற்கு நெடுநாள் முன்னரே, ஏழை நாடொன்றின் மருத்துவமாது ஒருத்தி மழையிலே சைக்கிள் மிதித்துச் சென்று, இறந்த தாயின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அதே வினாவை எழுப்பியிருந்தாள்.

எருக்கலம்பிட்டி போன்ற ஊருக்கு இம்முறை மிகப் பொருந்தியது. வேற்று ஆடவர் முன் வரத் தயங்கும் குடும்பங்களின் அடுக்களை வரை மருத்துவமாது செல்லலாம். பழைய மருத்துவிச்சிக்கு இருந்த உரிமையும், புதிய கல்வியின் ஒழுங்கும் அவளிடம் ஒன்றுசேர்ந்தன. நோயாளியின் பாதுகாப்பு என்பது கருவிகளால் மட்டும் அமைவதன்று. கருவி இருக்கும் இடத்துக்கு நோயாளி அஞ்சாது வரவேண்டும். அந்த நம்பிக்கையை ஊருக்குள்ளே வளர்த்தவள் மருத்துவமாதுவே. விடுதிக்குள்ளே காத்தவள் தாதிச் சகோதரி.

இத்தகைய ஒழுங்கு எவ்வளவு எளிதில் அறுந்துபோகும் என்பதையும் இவ்வூரின் வரலாறே காட்டுகின்றது. 1990இல் போர் மீண்டும் மூண்டது. தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து இஸ்லாமிய மக்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் சில நாட்களுக்குள் வீடு வாசலை இழந்தனர். எருக்கலம்பிட்டியும் வெறுமையாயிற்று. மன்னார்த் தீவின் இஸ்லாமியர் பலர் வள்ளங்களிலே கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். கர்ப்பவதிகளும், பிள்ளை பெற்றுச் சில நாளே ஆனவர்களும், முதியோரும், தீரா நோயாளரும் அக்கூட்டத்தில் இருந்தனர். எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு தாயின் அட்டை ஓரிடத்தில், அவளை அறிந்த மருத்துவமாது ஓரிடத்தில், அவள் இறங்கிய கரை வேறோரிடத்தில். முன்பு இரத்தப்பெருக்கு நேர்ந்தவள் யார், இனிப்பு நோயாளி யார், தடுப்பூசி பெறாத பிள்ளை யார் என்பதைப் புத்தளத்துச் சுகாதாரப் பணியாளர் ஓலைக் கொட்டில்களிடையே புதிதாகக் கேட்டெழுத வேண்டியிருந்தது. உள்ளூர் மக்கள் இடமும் உணவும் தந்தனர். ஆனால் அங்கே நீரும் கழிப்பிடமும் வைத்தியசாலைக் கட்டிலும் வந்தோரின் தொகைக்கு ஏற்றவையாக இருக்கவில்லை.

மாதங்கள் என்று எண்ணியது ஆண்டுகளாயிற்று. புத்தளத்துக்கு அண்மையில் நாகவில்லுவிலே எருக்கலம்பிட்டி என்னும் பெயரோடே ஒரு குடியிருப்பு நிலைபெற்றது. அங்கே பிறந்த பிள்ளைகள் சொந்த ஊரைப் பாராமலே வளர்ந்து, தாமும் பிள்ளை பெற்றனர். 2002இன் போர் நிறுத்தத்தின் போதும், 2009இல் போர் முடிந்த பின்னரும் மக்கள் சிறிது சிறிதாகத் தீவுக்குத் திரும்பினர். 2010இல் மன்னாரின் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015இல் தலைமன்னாருக்குப் புகைவண்டி மீண்டும் ஓடிற்று. ஆனால் ஒரு குடும்பம் இரண்டு ஊருக்கும் உரியதாயிருக்கும் நிலை தொடர்ந்தது. ஐந்தாம் மாதம் வரை புத்தளத்துக் கிளினிக்கு, ஏழாம் மாதம் மன்னார்க் கிளினிக்கு என்று மாறுகின்ற தாயின் ஏடு எவர் கையில் இருக்கும்? தாதியர் தலைமைக்கு இதிலும் கடினமான சோதனை இல்லை.

தாதியர் தலைமை என்பது வெள்ளுடையின் மிடுக்கென்று எண்ணுவோர் உளர். பழைய மேற்றன்மாருக்கு அந்த மிடுக்கு இருந்தது உண்மையே. படுக்கை விரிப்பின் மடிப்பைக் கூட அளந்து பார்த்தவர்கள் அவர்கள். அக்கண்டிப்பைக் கேலி செய்தல் எளிது. ஆயினும் கைகழுவாத தாதியை விடுதிக்குள் விடாத கண்டிப்பும் அதுவே. பிற்காலத்திலே அப்பணி அகன்றது. எத்தனை கட்டிலுக்கு எத்தனை தாதியர், இரவுக் கடமை முடித்துச் செல்பவள் வருபவளிடம் எதைச் சொல்லி ஒப்படைக்க வேண்டும், மருந்தை இருவர் சரிபார்த்தனரா, நோயாளியின் மெலிந்த முறைப்பாட்டை யார் கேட்டார் என்பனவெல்லாம் விடுதிச் சகோதரியின் பொறுப்பாயின. 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இலங்கைத் தாதியர் சபையை அமைத்துத் தாதியருக்குத் தமக்கெனப் பதிவும் ஒழுக்க நெறியும் வகுத்துக் கொள்ளும் உரிமை தந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019 முதல் செப்டம்பர் 17ஆம் நாளை நோயாளர் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடி வருகின்றது. 2021இலே அந்நாளைத் தாய் சேய் பாதுகாப்புக்கென்றே ஒதுக்கியது.

நாள் கொண்டாடுவதால் மட்டும் உயிர் பிழைப்பதில்லை. 2024ஆம் ஆண்டிலே மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையோடு தொடர்புற்ற தாய்மரணங்கள் தீவு முழுவதையும் துயரிலாழ்த்தின. இந்து, கிறிஸ்தவர், இஸ்லாமியர் என்ற வேற்றுமையின்றி மக்கள் கேள்வி எழுப்பினர், விசாரணைகள் நடந்தன. தேசியத் தொகை அந்தக் குடும்பங்களுக்கு எவ்வித ஆறுதலும் தராது. வடபாதையிலே மடிந்தோரைப் பற்றி எவரும் கேட்கவில்லை. இன்று ஒரு தாய் இறந்தால் ஒரு மாவட்டமே கேட்கின்றது. மக்கள் கேட்பதை அவமதிப்பாகக் கொள்ளும் வைத்தியசாலையும் உண்டு; அதனைத் தன் பதிவேட்டின் தொடர்ச்சியாகக் கொள்ளும் வைத்தியசாலையும் உண்டு. இரண்டாவது வகையைச் சேர்ந்ததே பாதுகாப்பானது.

பேற்றுக்குப் பின் நேரும் இரத்தப்பெருக்கே உலகெங்கும் தாய்மாரைக் கொல்லும் முதற் காரணம். கண்ணால் பார்த்து இவ்வளவுதான் என்று மதிப்பிடுவதே நெடுநாள் வழக்கம். கண்ணோ குறைத்தே காட்டும். 2023இல் கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தன்சானியா ஆகிய நான்கு நாடுகளிலே எண்பது வைத்தியசாலைகளில், இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட தாய்மாரிடையே நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவு வெளிவந்தது. பேற்றின் பின் தாயின் கீழே அளவுக்கோடுகள் இட்ட ஒரு நெகிழிப் பையை விரித்து, வடியும் இரத்தத்தை மருத்துவமாதுகளே அளந்தனர். கோட்டைத் தாண்டியதும் கருப்பையைப் பிசைதல், மருந்து, ஊசிவழி நீர், காரணம் தேடுதல் ஆகிய அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராது ஒருங்கே செய்தனர். பழைய முறையிலே ஏறத்தாழப் பாதி இரத்தப்பெருக்குகள் கண்ணுக்குத் தப்பின. புதிய முறையிலே பத்துக்கு ஒன்பதுக்கு மேல் கண்டறியப்பட்டன. கடும் இரத்தப்பெருக்கும் அதன் கேடுகளும் நூற்றுக்கு அறுபது குறைந்தன.

பை மலிவானது. ஐந்நூறு மில்லிலீற்றர்க் கோட்டை இரத்தம் தொட்டது என்று இரவு இரண்டு மணிக்குச் சொல்ல வேண்டியவள் விடுதியிலே மிக இளைய தாதியாகவோ மருத்துவமாதுவாகவோ இருக்கக் கூடும். அவள் யாரை எழுப்ப வேண்டும், அவர் வரத் தாமதித்தால் அடுத்து யாரை எழுப்ப வேண்டும், பெரியவரைத் துயிலெழுப்பியதற்காக அவள்மீது எவரும் சினங்கொள்ளலாகாது என்பவற்றை முன்னரே எழுதி விடுதிச் சுவரில் ஒட்டி வைத்தல் தாதிச் சகோதரியின் வேலை.